விதோயேயின் கண் நிறம்

"தொப்பி, மீசை, துப்பாக்கி எல்லாம் ஆச்சு. கண்ணு என்ன நிறம்மா?" என்று கல்தச்சர் தனாசியே கேட்டார்.

தெசங்கா கல்லில் செதுக்கியிருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன்தானே?"

"நாளைக்குச் சொல்றேன்."

"இதுக்கு எதுக்கு ஒரு நாளு? நீலம் பூசிடறேன். இந்தச் சாலை முழுக்க நீலம்தான். செத்தவன் எவனும் எங்கிட்ட சண்டைக்கு வரல."

"வேண்டாம் மேஸ்திரி. அவர் கண்ணுதான் வேணும்."

தூர தேசத்தில் செத்த சிப்பாய்க்கு ஊரில் குழி கிடையாது. சாலையோரம் ஆளுயரக் கல் நட்டு, அதில் அவனைச் செதுக்கிச் சாயம் பூசுவார்கள். ஆஸ்திரியாக்காரனும் ஜெர்மானியனும் நாட்டுக்குள் புகுந்த வருஷம், பின்வாங்கிய படையோடு அல்பேனிய மலையேறிய தெசங்காவின் புருஷன் விதோயே, பனியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்த ஒருவன் அதைச் சொல்லியே இரண்டு வருஷம் ஆகிறது.

கல்யாணமாகி நான்கு மாதத்தில் அவன் பட்டாளத்துக்குப் போனான். புது மருமகள் பெரியவர்கள் எதிரே புருஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. தெசங்கா ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாமியார் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பகலெல்லாம் பெரியவர்கள் கூடவே இருப்பார்கள்; இரவு படுக்கும் கொட்டகையில் விளக்கு கிடையாது. அவன் கை தெரியும், தும்மல் தெரியும், படியேறும் பூட்ஸ் சத்தம் தெரியும். கண் தெரியாது. கேட்கலாமென்றால் மாமனார் மாமியார் இரண்டு பேரையும் விஷக்காய்ச்சல் கொண்டு போய்விட்டது. போட்டோ எடுத்ததே இல்லை.

ஊரில் இன்னும் ஒருத்தி இருந்தாள். மேலத்தெரு க்ருனியா. விதோயேவுக்கு முதலில் பெண் பேசியது அவளைத்தான். வழியில் பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில் க்ருனியா ஆட்டுப்பட்டியில் பால் கறந்துகொண்டிருந்தாள். தெசங்கா வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"அவருக்குக் கண்ணு என்ன நிறம்?"

க்ருனியா நிமிர்ந்தாள். "அடியே, கட்டிக்கிட்டவ நீ. எங்கிட்ட வந்து கேக்கறியா?"

"நான் பாக்கல."

"நாலு மாசம் என்னத்தடி பாத்தே, அவன் பூட்ஸையா?"

"ஆமா."

க்ருனியா சிரிக்க வாய் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. ஆட்டை விரட்டிவிட்டாள்.

"பழுப்பு. இடது கண்ணுல மட்டும் ஓரமா ஒரு பச்சைப் புள்ளி. வெயில்ல பாத்தாத்தான் தெரியும்."

வெயிலில் இவள் எத்தனை நாள் பார்த்திருப்பாள் என்று தெசங்காவுக்குத் தோன்றியது. நேரே கல்தச்சரிடம் போய்ச் சொன்னாள்.

"சாலையில போறவன் புள்ளியைத் தேடிப் பாக்கப் போறானா?" என்று தனாசியே அலுத்துக்கொண்டார். ஆனாலும் குச்சி நுனியில் பச்சை தொட்டு வைத்தார்.

சாயம் காய்ந்ததும் தெசங்கா கல்லுக்கு நேரே நின்றாள். சிவந்த கன்னமும் கறுத்த மீசையுமாக ஒரு சிப்பாய் அவளைப் பார்த்தான். ஜாடை சரியா தப்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ வழிப்போக்கன் போலிருந்தான்.

மாவு மூட்டையோடு வந்த க்ருனியா பின்னால் நின்றாள்.

"அவரு மாதிரி இருக்கா?" தெசங்கா திரும்பாமலே கேட்டாள்.

க்ருனியா வெகுநேரம் பார்த்தாள்.

"கொஞ்சமும் இல்ல. கண்ணு மட்டும் அவன்தான்."

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். தெசங்கா கல்லுக்கு இன்னும் கிட்டே போய், அந்தக் கண்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.