நாற்பது சர்வருக்கு ஒரே கட்டளை

பத்தாவது படித்தவன் இதையெல்லாம் எழுதலாமா என்று கூச்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனிக்கு நாற்பது கிடங்குகள், கிடங்குக்கு ஒரு சர்வர். கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகப் புது மென்பொருள் ஏற்ற எனக்கு ஒரு வாரம் ஆகும். இந்தமுறை ஒரே கட்டளையில் ஏற்றிவிடலாம் என்றேன்.

"ஒண்ணு நின்னாலும் பழையபடி ஒண்ணொண்ணாதான்" என்றார் மேனேஜர்.

லோடு ஏறாத நாள் என்று ஆயுத பூஜையைத் தேர்ந்தெடுத்தேன். பொரித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்டர் தட்டினேன். பச்சை வரிகள் மளமளவென்று ஓடின. முப்பத்தொன்பது! எழுந்தே நின்றுவிட்டேன். ஆரம்பாக்கம் மட்டும் சிவப்பு. பதறிப்போய் அந்தக் கிடங்கில் வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"சர்வர ஆஃப் பண்ணி பொட்டு வச்சிக்கினு கீறேன். இன்னாண்ணா, இன்னிக்குகூட அதுக்கு லீவு இல்லியா?"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் பொரி புரையேறச் சிரித்தார்.

மறுநாள் காலை அந்தப் பெண் சர்வரை ஆன் செய்தார். நாற்பதாவதும் ஏறியது.