கழுதை அக்காவின் கறுப்புத் துணி

பிறந்தநாள் வீடுகளில் குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்துவது அவர் தொழில். வாலில்லாத கழுதைப் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் படியேறும்போதே, "கழுதை அக்கா வந்தாச்சு" என்று உள்ளே கூச்சல் கிளம்பிவிடும். "அக்கான்னு கூப்பிடுற நீங்கல்லாம் அப்ப யாரு?" என்று திருப்பிக் கேட்பார்.

நாற்காலி சுற்றும் ஆட்டம், பொட்டலம் கைமாற்றும் ஆட்டம் எல்லாம் முடிந்து, கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கழுதைக்கு வால் ஒட்ட வேண்டும். அதற்கான கறுப்புத் துணியை மூன்று மடிப்பாக வைத்து அவரே தைத்திருந்தார். புறப்படும் முன் அதைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பார். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் பிரித்துத் தைப்பார். விருந்து வீட்டில் துணி கட்டுவது கூடவே வரும் தங்கையின் வேலை. அவர் குழந்தையின் தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு விலகிக்கொள்வார். ஐந்து வயதானாலும் மூன்று, பன்னிரண்டு வயதானாலும் மூன்று. தோற்ற குழந்தை உதட்டைப் பிதுக்கினால், "எல்லாருக்கும் ஒரே துணிதான் கண்ணு" என்று தேற்றுவார். ஒன்பது வருஷமாக இதையே சொல்லிவந்தார்.

ஒரு வீட்டுக்கு அவர்கள் இரண்டாவது தடவையாகப் போயிருந்தார்கள். பிறந்தநாள்காரிக்கு ஏழு வயது. தன் முறை வந்ததும் அவர் முந்தானையை இழுத்துக் காதில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு மத்தவங்க கட்டுற துணியே கட்டுங்க. போன வருஷம் கட்டினதுல எல்லாம் தெரிஞ்சுது. ஜெயிச்சது நல்லாவே இல்ல."

அவர் நிமிர்ந்தார். தங்கை கறுப்புத் துணியோடு நின்றிருந்தாள். வாங்கி விரலால் நிமிண்டிப் பார்த்தார். அதே நிறம், அதே விளிம்பு. மடிப்பு மட்டும் ஒன்றுதான். அவர் தைத்த துணி பைக்குள் கிடந்தது.

பையிலிருந்ததை எடுத்து அவளுக்குக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். வால் ஜன்னல் திரையில் போய் ஒட்டியது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தங்கையிடம் கேட்டார்.

"எத்தனை வீட்ல?"

"எல்லா வீட்லயும்தான்." தங்கை வாலிலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "பிறந்தநாள் பிள்ளை அழுதா அடுத்த வருஷம் நம்மள யாரு கூப்பிடுவாங்க அக்கா? உன்னோட மூணு சுத்துக்காகவா கூப்பிடுறாங்கன்னு நினைச்ச?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விடுவியா? நீ பாட்டுக்குப் பெருமையா இருந்த. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் அந்த ஒற்றை மடிப்புத் துணியை எடுத்துத் தன் கண்ணில் கட்டிக்கொண்டார். கழுதை தெரிந்தது. காலி நாற்காலிகள் தெரிந்தன. அந்தத் துணி வழியாக அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று அறிந்த தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தெரிந்தது.

இப்போது அவர் தனியாகத்தான் போகிறார். கூப்பிடும் வீடுகள் பாதியாகிவிட்டன. உதடு பிதுக்கும் குழந்தையிடம் அந்தப் பழைய வார்த்தையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. துணியை அதன் கையிலேயே கொடுத்து, "நீயே கட்டிப் பாரு" என்கிறார்.