சரக்கு ஏறினால் சேரும் கதவு

போன வாரம் பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு மாம்பழக் கிட்டங்கியைத் தாண்டி நடந்தேன். பழம் பழுக்க வைத்திருந்த கார்பைடு, சாரல் ஈரத்தில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. பூண்டை நசுக்கி மண்ணெண்ணெயில் போட்ட மாதிரி ஒரு வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் நின்றுவிட்டேன். கார்பைடு கல்லில் தண்ணீரைச் சொட்டவிட்டு, அதில் கிளம்பும் வாயுவைப் பற்றவைத்துத்தான் என் இருபதுகளில் கேஸ் வெல்டிங் செய்தேன். இன்று பட்டறைகளில் நிற்கிற தம்பிகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. ஆள் ஏற்றிக் கதவு வைத்தது

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பட்டறையில் நான் வெல்டர். செங்கோட்டைக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் ஓட்டித் தேய்த்த பிக்கப் ஒன்று வந்தது. முகப்பு நன்றாக இருந்தது. பின்தொட்டி முழுக்கத் துரு. தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

அதை வாங்கியவள் பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஜெபமணி. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு கடையை அவளே நடத்தினாள். முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை.

"தொட்டியை ஒண்ணரை அடி நீட்டணும். இடது பக்கம் ஒரு கதவு வேணும். ஐந்தருவிப் பக்கம் லாட்ஜுச் சந்துல பின் கதவைத் திறக்க எடமில்ல, சைடுலதான் மூடையை இறக்கணும். குத்தாலச் சீசனுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றாள்.

"முடியாம? மேஸ்திரி இருக்கானே" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

பழைய தொட்டியை வெட்டி எறிந்தோம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை இரும்புச் சேனல் வைத்து நீட்டினோம். புதுத் தகடு வளைத்தோம். கடைசியாகக் கதவு.

எங்கள் பட்டறையில் கதவுக்கென்று ஒரு முறை உண்டு. நீட்டின வண்டியில் சரக்கு ஏறினால் பின்பக்கம் ஒரு நூல், இரண்டு நூல் அளவு தாழும். வெறும் வண்டியில் அளந்து வைத்த கதவு, சரக்கேறியதும் இடைவெளி காட்டி ஆடும். அதனால் ஆளை ஏற்றிவிட்டுத்தான் கீல் ஒட்டுவோம். அண்ணாச்சி தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, சலூன்ல சும்மா இருக்கவனெல்லாம் வாங்கலே! டீக்கடைக்காரரே, நீரும் வாரும்!"

பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போறாப்புல இருக்கு" என்றார் டீக்கடைக்காரர்.

"உம்ம மூஞ்சியப் பாத்தா பொண்ணு வீட்டுக்காரன் கதவை அடைச்சிருவான். அசையாம இரும்!"

அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் கீலை ஒட்டினேன். ஆட்கள் இறங்கியதும் கதவின் மேல்மூலை சட்டத்தில் லேசாக உரசியது. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால் சேர்ந்துவிடும்.

"உரசட்டும். வெறும் வண்டிக்கு எவன்லே கதவைச் சாத்துதான்? ரெண்டு நாள்ல பெயிண்ட் அடிச்சுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு, மர லாரி ஒன்றுக்குப் பாடி கட்ட அண்ணாச்சி ஒரு மாசத்துக்குப் புனலூருக்குப் போய்விட்டார்.

2. இருபத்து நான்கு நாள்

பெயிண்ட் காய்ந்த அன்று ஜெபமணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முந்தானையில் வெங்காயத் தொலி ஒட்டியிருந்தது. காற்று அதை எடுக்கப் பார்த்தது, முடியவில்லை. எனக்குக் கை பரபரத்தது.

"என்ன வேய் மேஸ்திரி, எடுத்துட்டுப் போலாமா?"

நான் கதவை மெதுவாகச் சாத்தினேன். முழங்காலை வைக்கவில்லை. மேல்மூலை கிர்ரென்று உரசி நின்றது.

"பாத்தீங்களா, சேரலை."

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தள்ளு தள்ளாமல் விட்டது.

"அப்பம் நாளைக்கழிச்சு வாரேன்" என்றாள்.

வந்தாள். மறுபடி வந்தாள். கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்து டீ குடிப்பாள். எடை போடும்போது தராசுத் தட்டில் பெருவிரலை வைத்து ஏமாற்றுகிற வியாபாரியைப் போலவே பேசிக் காட்டுவாள். பட்டறையில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவும் துணிச்சல் இல்லை. அவள் கிறிஸ்தவள், கடைக்காரி. நான் தகரம் ஒட்டுகிறவன். கூப்பிடாமலேயே பேசப் பழகினேன். அவள் வராத நாளில் பர்னரைப் பற்றவைத்தால் சுடர்கூட மஞ்சளாகப் புகைந்தது. வருகிற நாளில் ஊதா நிறத்தில் ஊசியாக நின்றது. ஆக்ஸிஜன் கூடக் குறைய இருந்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சொல்லத்தான் சொன்னாள். "சீசன் தொடங்கிட்டு மேஸ்திரி. நாலு லாட்ஜுக்கு நான்தான் காய் போடுதேன். மாட்டு வண்டில போய்ச் சேருததுக்குள்ள கீரையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுருது." காது கேட்டது. நான் அவள் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து நான்காம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவின ஈரத்தோடு பட்டறைக்குத் திரும்பினேன். வாசலில் ஜெபமணியின் மாட்டு வண்டி நின்றது. குற்றாலத்துக்குச் சின்ன வெங்காயம் கொண்டுபோகிற வழியில் சாரல் பிடித்துக்கொண்டதாம். மூடைகள் நனையாமல் இருக்க, கூரைக்கடியில் நின்ற பிக்கப்பில் அவற்றை மாற்றச் சொல்லியிருக்கிறாள். பதினாலு மூடை.

ஜெபமணி பக்கக் கதவைச் சாத்தினாள். டக். திறந்தாள். மறுபடி சாத்தினாள். டக்.

"மேஸ்திரி, இதை யாரு சரி பண்ணுனா?"

வாசலில் நின்ற டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"சரி பண்ண என்னக்கா இருக்கு? நாங்க பன்னெண்டு பேரு ஏறி உக்காந்து வச்ச கதவுல்லா! சரக்கு ஏறுனா தன்னால சேரும்."

அவள் என்னைப் பார்த்தாள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது, போய்விட்டார்.

"நேத்து ரெண்டு லாட்ஜுக்காரன் ஆலங்குளத்து ஆளுக்கு மாறிட்டான்" என்றாள். குரல் உயரவில்லை. "நான் போயி கெஞ்சினேன். அந்த வாசல்ல எங்க அப்பா ஒருநாளும் கெஞ்சுனதில்ல."

"தப்புத்தான்."

"ஏன்னு கேக்கேன்."

"வண்டி போயிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு."

தகரக் கூரையில் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் மாட்டு வண்டிக்காரரை அனுப்பி, ஒரு டிரைவரைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் வரும்வரை டிரம்மில் உட்காரவில்லை. மூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

3. தம்பிகளுக்கு

முடிந்த வேலையை அன்றைக்கே வெளியே அனுப்புங்கள். முடிந்த வண்டியைப் பட்டறையில் நிறுத்தி வைக்கிறவன் யாரோ ஒருவருடைய பிழைப்பை நிறுத்தி வைக்கிறான். காரணம் அன்பாக இருந்தாலும் கீரை வாடத்தான் செய்யும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பிக்கப் பல வருஷம் குற்றாலம் ரோட்டில் ஓடியது. தூரத்தில் ஹார்ன் கேட்டாலே என் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் சாரல் மாதம் வந்தால் என் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. எங்கேயோ போகணும் போல இருக்கும். எங்கே என்று தெரியாமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் பட்டறைக்குள் மறுபடி வரவேயில்லை.

வண்டி கிளம்பிய அன்று டிரைவர் முன்னால் போய், இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் வண்டி பிடித்தது. ஜெபமணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன் மேஸ்திரி. ஆனாலும் நீரு கேட்டிருக்கலாம்."