ஈரச் சாக்கும் எழிலின் ஆராய்ச்சியும்

எழிலுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் அந்தக் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வேறு சீட்டு தேடிப் போய்விடுவார்கள். அச்சங்குளத்தில் பிறந்து, பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற அம்மாவின் சம்பளத்தில் படித்து, இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். அந்தத் தெருவில் அப்படிப் படித்த ஆள் அவளுக்கு முன்னால் கிடையாது. அதனால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும், "எப்ப டாக்டராகப் போற?" என்று கேட்காமல் விடுவதில்லை. சிலர் கூடவே முழங்கால் வலியையும் சொல்லி மாத்திரை கேட்பார்கள்.

அவள் என்ன துறை என்று கேட்டால்தான் வம்பு. வேதியியல் துறையில் விசாரித்தால், "அது எலக்ட்ரானிக்ஸ் பொண்ணுல்ல" என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் துறையில் விசாரித்தால், "துணி பத்தி ஏதோ பண்ணுது" என்பார்கள். துணியைப் பற்றிச் சொல்லித்தர அந்தக் கல்லூரியில் துறையே இல்லை. பட்டாசு ஷெட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் உடுப்பில் எவ்வளவு மின்சாரம் சேருகிறது, காற்று காய்ந்தால் அது எப்படி ஏறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பாலியெஸ்டர் சேலையைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்டு முடி எழும்புமே, அதே சங்கதிதான். வீட்டில் அது வேடிக்கை. திரி செருகுகிற ஷெட்டில் அந்தச் சின்னப் பொறி ஆளைக் கொன்றுவிடும்.

அம்மா சோலையம்மாள் உட்காருவது அந்தத் திரி ஷெட்டில்தான். ஆராய்ச்சிக்கு வேறு எந்த இடத்தையும் எழில் யோசிக்கவே இல்லை.

முதலாளி சங்கரபாண்டியன் மோசமான ஆள் இல்லை, கணக்கான ஆள். எழில் போய்க் கேட்டபோது, "தாராளமா வச்சுக்கோம்மா. உன் பெட்டி ஆபத்துன்னு சொல்லட்டும், தொட்டா மின்சாரம் தரையில இறங்கிப் போக ஆளுக்கு ஒரு செம்புத் தகடு பதிச்சுத் தர்றேன், எல்லாருக்கும் காட்டன் சேலை எடுத்துத் தர்றேன். ஒண்ணுமில்லேன்னு சொல்லுச்சுன்னா வீண் செலவு எதுக்கு?" என்றார். நியாயமான பேச்சு. பங்குனியில் அனுமதியெல்லாம் வாங்கி, டிபன் பாக்ஸ் அளவிலான ஒரு பெட்டியை அம்மா உட்காருகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள் எழில். ஆபத்து என்றால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. காற்றின் ஈரத்தையும் துணியில் ஏறுகிற மின்சாரத்தையும் அது தானாகப் பதிந்துகொள்ளும்.

சித்திரை முடிந்து பதிவை எடுத்துப் பார்த்தால், பாதுகாப்பு என்றால் அப்படியொரு பாதுகாப்பு. முதல் நாள் காலையில் மட்டும் எண்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. பெட்டி புதுசு, பழகுவதற்கு முன்னால் உளறியிருக்கும் என்று அந்தக் காலையை வெட்டி எறிந்தாள். ஆய்வு வழிகாட்டி ஸ்ரீராம்குமார் சாரும் அதையேதான் சொன்னார். கத்திரி வெயிலில், குடித்த தண்ணீர் தொண்டையைத் தாண்டுவதற்குள் காய்கிற ஊரில், ஷெட்டுக்குள் மட்டும் எப்படி இவ்வளவு ஈரம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததும் உண்மை. ஆனால் உதவித்தொகை முடியப்போகிறது. கட்டுரை ஒன்று வெளிவராமல் பட்டமும் கிடையாது. அவள் அந்தச் சந்தேகத்தை அமுக்கிக்கொண்டு எழுதிவிட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. அறிவியல், தொழில்நுட்பம் என்று எதை எழுதினாலும் சேர்த்துக்கொள்கிற ஆய்விதழ் அது. தென்னை நார் கலந்த கான்கிரீட்டுக்கும் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் நடுவில், கதம்பச் சோற்றில் கிடக்கிற கத்தரிக்காய்த் துண்டு மாதிரி எழிலின் பட்டாசு ஷெட். கல்லூரியில் கேக் வெட்டினார்கள். சங்கரபாண்டியன் அதன் முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். செம்புத் தகடு பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த கட்ட ஆய்வுக்காகப் பெட்டி மட்டும் ஷெட்டிலேயே இருந்தது.

ஆவணியில் ஒருநாள் சோலையம்மாள் வேலை முடிந்து வந்து, முகங்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மருதைக்குப் போன லோடு திரும்பி வந்திருச்சு. திரி பூரா நமத்துப் போச்சாம். போர்மேன் எங்களப் போட்டு அந்த ஏச்சு ஏசுறாரு."

"இந்தக் காயிற வெயில்ல திரி எப்படிம்மா நமத்துப் போகும்?"

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் நீ பாஸாகத்தான்" என்றாள்.

எழிலின் கால் ஆட்டத்தை நிறுத்தியது.

"மொத நாளு நீ பெட்டிய மாட்டிட்டுப் போயிட்ட. செத்த நேரத்துல செகப்பு எரிஞ்சிருச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு, எம்பிள்ள பெயிலாகிருவாளோன்னு. ஈரம் இருந்தாப் பச்சை எரியும்னு நீதான சொன்ன? நானும் பக்கத்துல உக்காருற இசைவாணியும் சாக்க நனச்சுப் பெட்டியச் சுத்திப் போட்டோம். சன்னல்லயும் கட்டினோம். பச்சை வந்திருச்சு. பெறகு காஞ்சா நனைக்க, காஞ்சா நனைக்க. ஷெட்டுல அம்புட்டுப் பேரும் மொற வச்சுல்ல பாத்துக்கிட்டோம். நீ வந்தா மட்டும் உருவி ஒளிச்சிருவோம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பரிச்சை எளுதுற பிள்ளைட்டப் போயி இதெல்லாம் சொல்லுவாகளா?"

எழிலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேற்பார்வைக்கு ஆள் வந்தால் ஷெட்டைக் கழுவி, அளவுக்கு மேல் இருக்கிற ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக உட்காருவது அங்கே வழக்கம். அதே மரியாதையை அவள் பெட்டிக்கும் செய்திருக்கிறார்கள். ஒருநாள் கூத்தாக இல்லை, மாதக்கணக்கில் செய்திருக்கிறார்கள். வேலை பார்த்த கையோடு எழுந்துபோய் வாளித் தண்ணீர் தூக்கி வந்து, அவளுக்கு மார்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இப்ப சாக்கு?" என்று கேட்டாள்.

"அதத்தான் போர்மேன் இன்னைக்கு அம்புட்டையும் உருவி வெளிய எறிஞ்சிட்டாரே. ஒன் பேப்பருதான் வந்திருச்சுல்ல, இனி என்ன?"

மறுநாள் எழில் ஷெட்டுக்குப் போனபோது சாப்பாட்டு நேரம். பெண்கள் தூக்குவாளியோடு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பதிவை இறக்கி லேப்டாப்பில் பார்த்தாள். சாக்கை எடுத்த நேரத்திலிருந்து கோடு ஏணி வைத்த மாதிரி ஏறியிருந்தது. அவள் வெட்டி எறிந்த அந்த முதல் நாள் காலையும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை வருஷம் தேடியது இதோ கண்முன்னால். இப்படி ஒரு முடிவு எந்தப் பல்கலைக்கழகத்துக்காரனிடம் இருக்கிறது! ஒரு நொடிதான். அந்தக் கோட்டின் உச்சி எந்த இடத்தைக் காட்டுகிறது என்று திரும்பிப் பார்த்தாள். தரையில் அம்மாவின் மணைக்கட்டை கிடந்தது. பக்கத்தில் பாதி செருகின திரிகள். எழில் வெளியே கிடந்த சாக்கை நனைத்து மறுபடி சன்னலில் கட்டினாள்.

அப்படியே பஸ் ஏறிக் கல்லூரிக்கு ஓடினாள். பஸ்ஸில் உட்கார முடியாமல் படியருகே நின்றாள். ஸ்ரீராம்குமார் சார் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

"எழில், நீங்க தீசிஸ சப்மிட் பண்ணப்போற நேரம் இது. இப்ப போய்க் கட்டுரை தப்புன்னு சொன்னா, அதத் திரும்ப எடுக்கணும். அது போனா தீசிஸ் போச்சு. பட்டம் வாங்கிருங்க. அப்புறம் புதுசா ஒரு ஆய்வு பண்ணி, அதுல சரியானதச் சொல்லலாம். யாரு வேண்டாம்ங்கிறா?"

"அதுக்கு எம்புட்டு நாளாகும் சார்?"

"ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்."

"அதுவரைக்கும் எங்கம்மா அங்கனதான சார் உக்காந்திருப்பாங்க?"

சாரும் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவருக்கும் பதவி உயர்வு இருக்கிறது. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் வேன் வந்து ஹாரன் அடித்தபோது, சோலையம்மாளுக்கு முன்னால் எழில் ஏறிவிட்டாள். இரவெல்லாம் தூங்காத கண்கள். "நீ எங்க பிள்ள வார?" என்று இசைவாணி நகர்ந்து இடம் கொடுத்தாள். எழில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே சொன்னாள். சாக்கை நனைத்ததால் பெட்டி பொய் சொல்லிவிட்டது. ஷெட்டில் ஆபத்து இருக்கிறது. தன் கட்டுரை தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

இசைவாணி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாங்க சாக்கு நனச்சதாலதான் எங்களுக்குத் தகடு வராமப் போச்சா?"

"இல்லக்கா. நீங்க நனச்சீக. எனக்குச் சந்தேகம் வந்துச்சு, நான் உங்ககிட்டக் கேக்கல. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பட்டம் வேணும்னு பேசாம இருந்துட்டேன்."

கம்பெனி வாசலில் வேன் நின்றதும் இசைவாணிதான் முதலில் இறங்கினாள். ஷெட்டுப் பக்கம் போகாமல் நேராக ஆபீசுக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். இவ்வளவு காலையில் இத்தனை பெண்களைத் தன் அறை வாசலில் பார்த்ததும் சங்கரபாண்டியன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

எழில் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதானம்மா பயமில்லன்னு எழுதுன?"

"ஆமாங்கய்யா. தப்பா எழுதிட்டேன்."

"இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னா நான் எத நம்பி வேலைய நிறுத்தித் தகடு பதிக்கிறது? அதுவும் சீசன் நேரத்துல. தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

"தர்றேன்."

"உன் காலேஜுக்கும் ஒரு காப்பி அனுப்புவேன். அப்புறம் உன் படிப்பு?"

"போயிரும்ங்கய்யா. மறுபடி மொதல்லருந்து பண்ணணும். விட்டாப் பண்ணுவேன்."

சோலையம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இவ்வளவு நேரமும் மகள் ஏதோ நல்லது பேச வந்திருக்கிறாள் என்று பெருமையோடு நின்றவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, பிள்ள தூக்கமில்லாம என்னமோ ஒளறுது. சாக்கும் போடல, ஒண்ணும் போடல. நாந்தான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். அவ எளுதினதுதான் சரி. வேணும்னா இவளுககிட்டக் கேளுங்க." சொல்லிவிட்டு இசைவாணியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எழில் அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு விளக்குக்குக் கீழே ஆயுசு முழுக்க உட்காரத் தயாராக நின்றாள் அம்மா, மகள் டாக்டராக வேண்டும் என்று. எழிலுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "ஐயா, ஒரு பேப்பர் குடுங்க" என்றாள்.

"எளிலு, வேண்டாம்" என்று சோலையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். கெட்டியான பிடி. எழில் அந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு எழுதினாள்.

சங்கரபாண்டியன் படித்தார். போர்மேனைக் கூப்பிட்டு, தகடு பதிக்கிற வரைக்கும் திரி ஷெட்டைப் பூட்டச் சொன்னார். பெண்களை டப்பா ஒட்டுகிற பக்கம் அனுப்பினார். வெளியே வரும்போது இசைவாணி எழிலின் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். சோலையம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றும் மறுநாளும் அவள் மகளோடு பேசவில்லை.