சக்கரத்துக்குக் கூண்டு போட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கு அவரைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஏனென்றால், "ஊருக்குத்தான் உபதேசம், கடைசியில் தானே கூண்டை மறந்தார்" என்று சிலர் பேசுவது என் காதில் விழுகிறது.

அண்ணன் பிறந்தது அத்திபெலே கிராமத்தில். தகப்பனார் காலமானபின் எங்களைக் கூட்டிக்கொண்டு பட்டாளத்தார் இருக்கும் பெங்களூர் தண்டுப் பகுதிக்கு வந்தார். நூல் மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்தார். பிறகு என்னையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

காலைச் சங்கு ஊதுமுன் சாக்குக்கட்டியோடு மில்லைச் சுற்றி வருவார். எண்ணெய் சிந்திய தரை, தளர்ந்த பெல்ட், எங்கே ஆபத்து தெரிந்தாலும் ஒரு பெருக்கல் குறி போடுவார். அதைச் சரிசெய்து குறியை அவரே அழிக்கும்வரை அங்கே ஒருவரும் வேலை செய்யக் கூடாது. பெல்ட் ஓடும் சக்கரங்களுக்கெல்லாம் கம்பிக் கூண்டு வேண்டுமென்று மில்லின் வெள்ளைக்காரத் துரையிடம் மூன்று வருஷம் மன்றாடி வாங்கினார். "தலைப்ப இடுப்புல செருகும்மா, சக்கரத்துக்குக் கண்ணு கெடையாது" என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே போவார். சரியான முசுடு என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்குக் கூண்டுகளைக் கழற்றி, சக்கரங்களுக்குச் சந்தனம் வைத்து மாலை போடுவது எங்கள் மில் வழக்கம். பூஜை முடிந்ததும் கூண்டுகளைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். என் பகுதியில் ஒரு சக்கரத்துக்கு நான் மாட்டவில்லை. மாலை அழகாக இருந்தது. துரை பார்க்கட்டும், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் எஞ்சினைச் சற்று முன்னதாகவே ஓட்டிவிட்டார்கள். அண்ணன் சுற்றி அந்தப் பக்கம் வந்தபோது, லட்சுமம்மா என்ற தொழிலாளியின் புடவைத் தலைப்பு அந்தச் சக்கரத்தில் சிக்கியிருந்தது. பாய்ந்து அவரை இழுத்துத் தள்ளினார். அண்ணனுடைய கை உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து கண்மூடினார். அதற்கு முன் ஒருநாள், கூண்டைத் திரும்ப மாட்டாமல் விட்டது யார் என்று மில் குமாஸ்தா வந்து கேட்டபோது நான் கட்டில் ஓரம் நின்றிருந்தேன்.

"நான்தாங்க. மறந்துட்டேன்" என்றார் அண்ணன்.

குமாஸ்தா போனதும் என்னிடம், "உனக்கும் வேல போச்சின்னா ரெண்டு குடும்பத்துக்கும் யாருடா சோறு போடறது?" என்றார். பாவி நான், வாய் திறக்கவில்லை.

அண்ணனை மடியில் கிடத்தி ஜட்காவில் கொண்டுபோன மில் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாளுக்கும், தினமும் அழுதபடி வந்துபோன லட்சுமம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதினால் என் வேலை போகலாம் என்றும் சொன்னேன். அண்ணி சொன்னார்:

"எழுதிடுங்க தம்பி. அவரு மறந்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டு எம் புள்ளைங்க வளரக் கூடாது."