பார்க்காமல் வைத்த கை

எல்ஸ்பெத் ஹபெக்கரிடம் சிபாரிசு செல்லாது. ஓபர்மாட் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். வாரத்தில் ஆறு நாள் அவள் தபால்காரி. மஞ்சள் வண்டியில் மலைச்சரிவெல்லாம் ஏறி இறங்கி, பண்ணை நாய்களைக்கூடப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பாள். ஆனால் ஊர்த் துப்பாக்கிச் சுடுகளத்துக்குள் கால் வைத்துவிட்டால் ஆளே வேறு. பதினாறு வருஷமாக அவள்தான் அங்கே பொறுப்பாளர்.

ஒரு வருஷம் ஊராட்சித் தலைவர் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ வைக்கோல் காய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் குழல் ஒரு சாண் பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

"அத கீழ வை. வெளிய போ. அடுத்த வருஷம் வா" என்றாள் எல்ஸ்பெத்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் போனார். சுடுகளத்தில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். பெரிய மனிதர் சின்ன மனிதர் என்பதெல்லாம் வேலிக்கு வெளியே. தலைவர் ஒரு வாரம் தபாலை வாங்கும்போது முகம் கொடுக்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு பைசா கவலையும் இல்லை.

அவள் பிடிவாதமெல்லாம் ஒரே ஒரு காரியத்தில்தான். சுட்டு முடித்தவர் படுத்தபடியே தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் பூட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் குனிந்து, தோட்டா நிற்கும் அறைக்குள் பார்ப்பாள். வெறுமையாக இருந்தால் தோளில் கை வைப்பாள். அந்தக் கை பட்ட பிறகுதான் எழுந்திருக்கலாம். அதுவரை கால் மரத்துப்போனாலும் படுத்தே கிடக்க வேண்டியதுதான். முதலில் கண், பிறகு கை. இதை அவள் ஒரு நாளில் இருநூறு பேருக்குச் செய்திருக்கிறாள்.

கை பட்டவர் எழுந்து, பின்னால் இருக்கும் மேசைக்குப் போய்த் துப்பாக்கியைத் துடைப்பார். துடைக்குமுன் விசையை ஒரு தட்டுத் தட்டி உள்ளே இருக்கும் வில்லைத் தளர்த்துவது இங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். தோளில் கை பட்டாயிற்று, இனி என்ன பயம்? மேசைமேல் குழல் எப்போதும் பலகைச் சுவரைப் பார்த்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண்மேடு இருந்த காலத்து ஏற்பாடு அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மேட்டை வெட்டிச் சுடுகளச் சங்கத்துக்கு ஒரு சமையலறை கட்டினார்கள். மேசையைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, அந்த மேசையில் நானும் எத்தனையோ தடவை விசையைத் தட்டியிருக்கிறேன்.

மே மாதக் கடைசியில், நாடு முழுக்க ஒரே வாரக் கடைசியில் நடக்கும் அந்தப் பெரிய சுடுபோட்டி. சனிக்கிழமை சாயங்காலம் ஆஷி லூதி படுத்தான். எழுபத்திமூன்று வயது, மாட்டுப் பண்ணை, பதினெட்டு வயதிலிருந்து ஒரு வருஷமும் விடாமல் சுடுகிறவன். இரண்டு வருஷமாகக் கண்ணில் புரை. போதிய புள்ளி எடுத்தவர்களுக்குத் தரும் மாலை வடிவச் சின்னம் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. ஐம்பது சின்னத்துக்கு மேல் வீட்டில் தொங்குகிறது, ஆனாலும் அந்த இரண்டு வெற்று ஆணிகளைத்தான் அவன் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். குளிர்காலத்தில் கண் அறுவை செய்துகொண்டு வந்திருந்தான். பின்னால் பாதி ஊர் நின்று பார்த்தது.

கடைசிச் சுற்று ஒரு நிமிஷத்தில் ஆறு தோட்டா. ஆஷி நிதானமாகச் சுட்டான், கொஞ்சம் அதிக நிதானமாகவே. ஐந்துதான் போயிற்று, நிமிஷம் முடிந்த மணி அடித்துவிட்டது. ஆறாவது குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆனால் புள்ளி காட்டும் திரையில் மொத்தம் ஐம்பத்தெட்டு என்று விழுந்தது. அவன் வயதுக்குச் சின்னம் வாங்க அது தாராளம். பின்னால் கைதட்டலும் கூச்சலும். ஆஷி மேகசினைக் கழற்றினான். பூட்டை இழுக்கவில்லை. ஆறும் போய்விட்டது என்றே அவன் நினைத்திருந்தான்.

எல்ஸ்பெத் அவன் பக்கத்துக்கு வந்தபோது அவள் கண் திரையில் இருந்தது.

"யோவ் ஆஷி, மூணாவது ஆணி அடிக்க வேண்டாம் போ" என்று சிரித்துக்கொண்டே அவன் தோளில் கையை வைத்தாள்.

அவ்வளவுதான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணை முந்திக்கொண்டு கை போயிற்று. ஆஷி எழுந்து, எல்லாருடைய கையையும் குலுக்கி, மேசைக்குப் போய் விசையைத் தட்டினான்.

சமையலறையில் ரெகுலா காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோட்டா பலகையைத் துளைத்து, அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடித் தட்டை நொறுக்கிக்கொண்டு எதிர்ச்சுவரில் பாய்ந்தது. கண்ணாடிச் சில் கன்னத்தைக் கிழித்ததில் ஏழு தையல். இடது காதில் ஓயாத ரீங்காரம். ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால் அவள் இல்லை. அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அம்மா இல்லை.

காவலர்கள் வந்து துப்பாக்கியை எடுத்துப்போனார்கள். எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். மறுநாள் காலை சங்கத் தலைவர் உர்ஸ், ஆஷி, எல்ஸ்பெத் மூவரும் சங்க அறையில் உட்கார்ந்தார்கள். உர்ஸ் மின்சாரப் பணியாளர். எதையும் ஒரு வரியில் முடிக்கப் பார்க்கிற ஆள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க" என்றான். "உன் துப்பாக்கிய யாராவது சோதிச்சாங்களா ஆஷி?"

ஆஷி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இல்ல. அவ வர்றதுக்கு முன்னாடியே நான் எழுந்துட்டேன். சந்தோஷத்துல தலகால் புரியல."

எல்ஸ்பெத் வாயைத் திறந்தாள். உர்ஸ் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில் அவளுக்காக வக்காலத்து வாங்க என்னால் முடியாது. ஒரு வார்த்தை போதும், அதை அவள் சொல்லவில்லை. கூட்டம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை பட்டதை யாரும் பார்க்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் ஆஷியின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? மேல புது வீட்டுக்காரங்க சத்தம் சத்தம்னு மனுவ எழுதி வச்சிட்டு உக்காந்திருக்காங்க. பொறுப்பாளரே பாக்காம விட்டாங்கன்னா நாளைக்கே களத்துக்குப் பூட்டு. ஒரு கிழவன் புத்தி கெட்டு எழுந்தான்னா, கிழவன நீக்கிட்டு வேலையப் பாப்பாங்க."

"உன் துப்பாக்கிய வாங்கிப்பாங்க. திரும்ப சுடவே விட மாட்டாங்க."

"எழுபத்திமூணு ஆச்சு. இன்னும் எத்தன வருஷம் சுடப்போறேன்? குழலுக்குள்ள தோட்டாவ விட்டவனும் நான்தான. வெள்ளிக்கிழம கூட்டத்துல கையெழுத்தப் போடு, முடிஞ்சது. வாய வச்சிட்டுச் சும்மா இரு."

சும்மா இருந்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தபால் போட்ட வீடுகளிலெல்லாம் இதே பேச்சு. "வயசாச்சுன்னா வீட்ல கெடக்கணும்." "அவனுக்குப் போய் கைய தட்டினோமே." "நல்ல வேள, எல்ஸ்பெத், உன் மேல தப்பில்ல." ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் தலையாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் தன்னிடம் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

புதன்கிழமை ரெகுலாவின் வீட்டுக்குக் கடிதம் இருந்தது. பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவிடப் பார்த்தாள். ரெகுலா கதவைத் திறந்துவிட்டாள். கன்னத்தில் பெரிய கட்டு. வலது காதைத் திருப்பித் திருப்பித்தான் பேச முடிந்தது.

"உள்ள வா. ஏன் திருடி மாதிரி போற?"

ரெகுலா காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் கோயில் வாசல்ல ஆஷி வந்தான்" என்றாள். "மன்னிச்சிடுன்னு கைய நீட்டினான். நான் கைய கொடுக்கல. எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க. 'ஒரு கைக்குக் காத்திருக்க முடியலயா உனக்கு, என் பிள்ளைங்கள அநாதையாக்கப் பாத்தியே'ன்னு கேட்டுட்டேன். குனிஞ்ச தலயோட போயிட்டான். அவன் மொகத்துல இனி முழிக்கவே மாட்டேன்."

எல்ஸ்பெத் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவன் காத்திருந்தான்" என்றாள்.

"என்ன?"

"காத்திருந்தான் ரெகுலா. நான் கை வச்சேன். உள்ள பாக்கல. திரையப் பாத்துட்டு கைய வச்சிட்டேன்."

ரெகுலா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அவன நான் ஊருக்கு முன்னாடி கேட்டேன். நீ என்கிட்ட சமையலறையில சொல்லிட்டுப் போயிடலாம்னு பாக்குறியா? போ. போய் அங்க சொல்லு."

வெள்ளிக்கிழமை சங்க அறையில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆஷி சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இரண்டு நாற்காலியிலும் ஆளில்லை. ரெகுலா கதவருகே கடைசியில் நின்றாள். உர்ஸ் அறிக்கையை வாசித்துவிட்டு எல்ஸ்பெத்தின் முன்னால் தள்ளினான்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் எல்ஸ்பெத். "இது பொய். ஆஷி தானா எழுந்திருக்கல. நான் பாக்காம கை வச்சேன். அதனாலதான் எழுந்தான்."

உர்ஸ் அன்பாகவே சிரித்தான்.

"எல்ஸ்பெத், உனக்கு நல்ல மனசு. கிழவன காப்பாத்தப் பாக்குற. ஆனா நீ பாக்காம கை வச்சேன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்?"

"ஊராட்சித் தலைவரையே வெளிய அனுப்பினவளாச்சே" என்றார் ஒருவர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"நான் சொல்றேன். நான் பாக்கல" என்றாள் மறுபடியும்.

"அவ சொல்றத கேக்காதீங்க" என்றான் ஆஷி சுவரோரத்திலிருந்து. "நான்தான் எழுந்தேன்."

"பாத்தியா?" என்றான் உர்ஸ். பேனாவை எடுத்து நீட்டினான்.

பதினாறு வருஷம் கட்டிக் காத்த பேர் அன்றைக்கு அவளைப் பேசவிடவில்லை. உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும், ஊரும் அவளை நல்லவள் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அவள் பேனாவைத் தொடவில்லை.

ரெகுலா கதவருகிலிருந்து நடந்து வந்து, ஆஷிக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கன்னத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"என்னப் பாத்துச் சொல்லு ஆஷி. அவ கை உன் தோள்ல பட்டுதா, படலயா?"

ஆஷி அந்தக் கட்டைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

"பட்டுச்சு" என்றான்.

உர்ஸ் பேனாவைக் கீழே வைத்தான். "அப்பறம் ஏன்யா பொய் சொன்ன? உனக்கென்ன பைத்தியமா?"

"களம் இருக்கட்டும்னுதான் சொன்னேன். துப்பாக்கிய எடுத்துட்டுப் போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல." ஆஷி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். "ஆனா நான் சொன்ன ஒடனே எல்லாரும் நம்பிட்டீங்களே. அவ சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறீங்க, நான் சொன்னா அப்படியே நம்பிட்டீங்க. அம்பத்தஞ்சு வருஷம் இங்க படுத்திருக்கேன். கை படாம ஒரு நாளும் எழுந்ததில்ல. 'ஆஷி அப்படிச் செய்யிற ஆளில்லயே'ன்னு ஒருத்தர்கூட கேக்கல."

அவன் அழுதான். எழுபத்திமூன்று வயது ஆள் அத்தனை பேர் முன்னால் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், நானும் கேட்கவில்லை.

எல்ஸ்பெத் மேசையைச் சுற்றி வந்து, உர்ஸிடமிருந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நின்றபடியே எழுதினாள். அதை வாசிக்கச் சொல்லி உர்ஸிடம் கொடுத்தாள். உர்ஸ் உரக்க வாசித்தான். குழலில் தோட்டாவை விட்டது ஆஷி என்பதும் இருந்தது, மேசையைத் திருப்பாதது சங்கம் என்பதும் இருந்தது. ஆனால் முதல் வரி அவளைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை இதே அறையில் தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதையும் அவள் விடவில்லை.

ஜூன் மாதமே களத்தை மூடிவிட்டார்கள். இனித் திறக்கப்போவதில்லை என்கிறார்கள். அதற்காக அவளிடம் இன்னும் பேசாதவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தபாலை அவள் கையால் வாங்காமல் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். ரெகுலா ஆஷியிடம் பேசுகிறாள். எல்ஸ்பெத்திடம் இதுவரை பேசவில்லை. ஆஷியின் பண்ணைக்குத் தபால் இல்லாத நாளிலும் எல்ஸ்பெத் வண்டியை அந்த மேட்டில் ஏற்றுகிறாள். அவன் காப்பி தருகிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிறாள். அவன் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறான்.