திண்டிவனத்தில் பார்த்த காய்க்காத பச்சைப் பந்தல்

கம்பத்தில் எங்கள் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகக் காய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு, காட்டுத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நடுவதென்று நானும் கணவரும் முடிவு செய்து, கன்றுக்கும் சொல்லிவைத்துவிட்டோம். அப்படி நட்ட தோட்டம் ஒன்று திண்டிவனம் பக்கம் இருப்பதாகத் தோழி சொன்னதால், 2011 ஆகஸ்டில் பார்க்கக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் இறங்கி, நான்கு இட்லி சாப்பிட்டு, திண்டிவனம் பஸ் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினேழு ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய்.

"திராட்சத் தோட்டமா? அந்தம்மா காலையிலேர்ந்து அத வெட்டிக்கினு இருக்காங்களே," என்றார் ஓட்டுநர். கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கவாத்து இல்லை. தோட்டக்காரர் கலையரசி, நாற்பது வயதிருக்கும், கிணற்றோரக் கொடிகளை ரம்பத்தால் அடியோடு அறுத்துக்கொண்டிருந்தார். வெயில் தரையில் விழாத அளவுக்கு அடர்ந்த பந்தல். ஒவ்வொரு தண்டும் என் மணிக்கட்டுக் கனம்.

"அக்கா, இவ்வளவு நல்ல கொடிய ஏன் அறுக்குறீங்க?"

"அண்ணாந்து பாருங்க. ஒரு கொல தெரியுதா?"

வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். எல்லாம் இலைதான்.

"மூணு வருஷமா இப்டிதாங்க. இங்க வண்டல் மண்ணு, நல்ல தண்ணி. இந்த வேரு வெறி புடிச்சாப்ல இழுத்து எல்லாத்தையும் இலையாக்கிக்கினு இருக்கு. அந்த நெழல்ல காய் வைக்கல. உரத்தக் கொறச்சும் பாத்துட்டேன், ஒரே பேஜாரு."

பிறகு தெற்கு மூலைக்கு அழைத்துப்போனார். மண்மேல் உப்புப் பூத்திருந்தது. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அங்கும் அதே ஒட்டுக்கன்றுகள், அதே நாளில் நட்டவை. கொடி அளவாக ஓடி, கை வைத்த இடமெல்லாம் குலை தொங்கியது.

"இங்க முன்னாடி ஒட்டுக் கட்டாம சொந்த வேருல வச்சது ஒண்ணுகூடப் பொழைக்கலங்க. இந்த வேரு உப்பத் தாங்குது, உப்பும் அத அடக்கி வைக்குது," என்றார்.

எங்கள் நிலத்தில் உப்பே கிடையாது. கிணற்றோரத்தைப் போலவே வண்டல் மண். உடனே கணவருக்குப் போன் செய்தேன்.

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு விடியக்காலையே ஆள் விட்டுட்டேன். எட்டு வரிசை பிடுங்கியாச்சு," என்றார்.

மொத்தமே பன்னிரண்டு வரிசை. "நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கலையரசி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

ஊர் திரும்பித் தோண்டிப் பார்த்தால், எங்கள் குறை வேரிலேயே இல்லை. வடிகால் அடைத்து அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைச் சரிசெய்ததும், மிஞ்சிய நான்கு வரிசையும் மறுவருடமே நன்றாகக் காய்த்தன.

நீங்களும் ஒட்டுக்கன்று வைக்க நினைத்தால், முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். தோட்டம் பார்க்கப் போகும் இடத்தில் காய்த்த மூலையோடு காய்க்காத மூலையையும் காட்டச் சொல்லுங்கள். ஆகஸ்ட் வெயிலுக்குக் குடை அவசியம். எதையும் பிடுங்குவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். நான் ஒரு நாள் பிந்திப் போனேன்.